வீண் வெளிச்சம்

ஒரே திரையை ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் பார்ப்பது, ஒரே பல் பிரஷ்ஷை ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் பயன்படுத்துவதைப் போன்ற சுகாதாரக் கேடு என்பதை மனித இனம் 2044ஆம் ஆண்டில் உணர்ந்துகொண்டது. மனித இனத்தின் சார்பில் சோமனூரில் இதை முதலில் உணர்ந்தவன் நிதர்சன்.

அவன் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். உணர்ந்ததோடு நிற்காமல் கல்லூரி ஆண்டு மலரில் 'கூட்டுப் பார்வை: ஒரு சுகாதாரக் கேடு' என்று கட்டுரையும் எழுதினான். பாகப்பிரிவினை, விவாகரத்து, மாமியார் மருமகள் தகராறு எல்லாவற்றுக்கும் வேர் ரிமோட்தான் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தான். சாதாரணத் திரையிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பெரும் பகுதி யார் கண்ணுக்கும் போகாமல் சுவரிலும் சோபாவிலும் பார்க்கிறவர்களின் முகத்திலும் விழுந்து வீணாகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கு 'வீண் வெளிச்சம்' என்று பெயரும் வைத்திருந்தான். கட்டுரைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு விடுதிச் சாம்பாரின் அடர்த்தியைப் பற்றிய கட்டுரைக்குப் போய்விட்டது. பெரிய உண்மைகளுக்கெல்லாம் உலகம் முதலில் இரண்டாம் பரிசுதான் கொடுத்திருக்கிறது என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரை மனித இனத்தைப் பற்றியது அல்ல. அவன் அப்பாவைப் பற்றியது.

அப்பா மோகனசுந்தரம் படம் பார்க்க மாட்டார். படத்தைத் திருப்பிச் சொல்வார். சோபாவில் அம்மா கோகிலவாணியின் பக்கமாக முக்கால்வாசி திரும்பி உட்கார்ந்துகொண்டு, திரையில் யார் வாயைத் திறந்தாலும் அவரும் திறப்பார். சத்தம் பாதிதான் வரும். மீதி பாதிக்கு வாய் கோணும், புருவம் ஏறும், வில்லன் பேசினால் மூக்கு விடைக்கும். "எங்க வீட்ல டிவிக்கே ஒரு டிவி உண்டு" என்று நிதர்சன் கல்லூரியில் சொல்லிச் சிரிக்க வைப்பான். கையை வாய்க்கு முன்னால் விரித்து மூடி அப்பாவைப் போலவே செய்தும் காட்டுவான்.

போதாக்குறைக்கு அவர் சொல்வது சரியாகவும் இருக்காது. திரையில் ஒருவன் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனால் அப்பா அம்மாவிடம், "கால்ல அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க" என்பார்.

"அப்பா, அவன் செத்துட்டான்."

"உனக்குச் செத்துட்டான். சும்மா இருடா."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வீட்டில் பழைய டிவியின் நடுவில் ஒரு நாள் பச்சைக் கோடு விழுந்தது. சில மாதங்கள் கதாநாயகனும் கதாநாயகியும் கோட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று காதலித்தார்கள். பிறகு ஒரு பக்கம் முழுவதும் இருண்டு, கதாநாயகி மட்டும் மிஞ்சினாள். புது டிவி வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவானது.

"நல்லா அகலமா, சுவத்துல ஒட்டற மாதிரி தாள் டிவி வந்திருக்குதாமா. அதையே வாங்கிப்போடலாம்" என்றார் அப்பா.

"ப்ரொஜெக்டர் வாங்கலாம்ப்பா. இவன் குறுக்க நடந்தா இவன் மேலயாவது நல்ல படம் ஓடும்" என்றாள் தங்கை இதழினி. பன்னிரண்டாம் வகுப்பு. அண்ணனை மதிப்பது அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை.

நிதர்சன் எழுந்து நின்றுதான் பேசினான். "தாள் டிவி, ப்ரொஜெக்டர் எல்லாம் ஒரே கதைதான். ஒரே படத்த நாலு பேரு மேல திணிக்கறது. 'ஏகாந்தம்' வாங்கணும்."

"அதென்னது சாமியார் பேரு மாதிரி" என்றார் அப்பா.

"திரைப்பா. நாலு பேரு உக்காந்தா நாலு பேருக்கும் வேற வேற படம். அவங்கவங்க சத்தம் அவங்கவங்க காதுக்கு மட்டும். ஒரு வாரம் வீட்ல வெச்சுப் பாத்துட்டு வாங்கலாம்."

அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அவன் படிச்ச படிப்பு. அவன் சொல்றதையே எடுத்துப் பாருங்க" என்றாள். அம்மா எப்போதும் அவன் பக்கம்தான். பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள், அது ஒன்றுதான் குறை. அதற்கு 'அம்மாவின் விமானப் பயன்முறை' என்று பெயர் வைத்திருந்தான்.

கோயம்புத்தூர்க் கடையிலிருந்து ஏகாந்தத்தை மாட்ட வந்தவள் பர்வீன். நிதர்சனைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். அந்த ஒன்றிரண்டு வயதை வைத்துக்கொண்டு வாசலிலேயே, "தம்பி, ஒரு ஸ்டூல் கொண்டாங்க" என்றாள்.

ஹால் சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு திரை நின்றது. அணைந்திருக்கும்போது கருங்கல் பலகை மாதிரி இருந்தது. பர்வீன் அப்பாவுக்கு விளக்கினாள்.

"சாதாத் திரை, வாய்க்கால்ல தண்ணி விடற மாதிரிங்ணா. தோட்டம் பூராப் பாயும். இது சொட்டு நீர். மேல சின்னதா கேமரா இருக்குது பாருங்க, அது உங்க கண்ணு எங்க இருக்குன்னு பாத்துட்டே இருக்கும். அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிச்சம் போகும். பக்கத்துல இருக்கற அக்கா கண்ணுக்கு வேற படம் போகும். சுவத்துல, மூஞ்சில விழற வீண் வெளிச்சமே கெடையாது."

"அது என்னோட வார்த்தை" என்றான் நிதர்சன்.

"எதுங் தம்பி?"

"வீண் வெளிச்சம். கட்டுரை எழுதியிருக்கேன்."

"அப்படிங்களா. அந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் எடுங்க."

பிறகு ஒவ்வொருவர் கண்ணையும் திரைக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. பச்சைப் புள்ளி போகிற பக்கமெல்லாம் பார்க்கவேண்டும். மூன்று பேருக்கு நொடியில் முடிந்தது. அம்மாவின் முறை வந்தபோது பர்வீன் சோபாவுக்குப் பின்னால் நின்று ஒயரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பச்சைப் புள்ளியப் பாருங்க."

அம்மா சிரித்த முகமாகத் தன் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புள்ளிக்கா, புள்ளி."

"அம்மாவுக்கு டெக்னாலஜின்னாலே காது அடைச்சுக்கும்" என்றான் நிதர்சன்.

அப்பா எழுந்து அம்மாவின் முன்னால் போய் வாயை அசைத்தார். அம்மா திரையை நிமிர்ந்து பார்த்தாள். புள்ளி இடது போனது, வலது போனது, முடிந்தது.

"ராத்திரி லைட்ட அமத்திட்டுப் பாருங்க. லைட் எரிஞ்சா கேமராவுக்குக் கண்ணு சரியாப் பிடிபடாது" என்று சொல்லிவிட்டு பர்வீன் போனாள்.

அந்த வாரம் மோகனசுந்தரத்தின் வீட்டில் நிலவிய அமைதி, அரசாங்கங்கள் பார்த்துப் பொறாமைப்படத்தக்கது. விளக்கை அணைத்தவுடன் ஹால் கும்மிருட்டாகும். அந்த இருட்டுக்குள் நிதர்சனுக்குக் கிரிக்கெட் தெரிந்தது. இதழினி என்ன பார்த்தாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் ஏகாந்தத்தின் பெருமை. அப்பாவுக்காக அவனே எங்கிருந்தோ பழைய வாலிபால் போட்டிகளைத் தேடிப் போட்டுக் கொடுத்தான். அப்பா முதல் நாள் மட்டும் கொஞ்சம் திரும்பித் திரும்பி முனகினார். பிறகு வாலிபால் அவரை விழுங்கிவிட்டது. அம்மாவுக்கு ஒரு நகைச்சுவைப் படச் சேனலை வைத்துக்கொடுத்திருந்தான்.

அம்மா சிரித்தாள். இருட்டில் அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் நிதர்சனின் நெஞ்சு விரிந்தது. ஒருமுறை அப்பாவுக்கு இருமல் வந்து நெடுநேரம் இருமினார். அதைக்கூடக் கவனிக்காமல் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் அப்பா இருட்டுக்குள், "கோகிலா, ஏ கோகிலா" என்றார். அம்மாவிடமிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை. கட்டுரையின் இரண்டாம் பாகம் நிதர்சனின் மனத்தில் தானாக எழுந்தது: 'திருமணமாகி இத்தனை வருடங்களில் முதன்முறையாக ஒரு பெண் தன் படத்தைத் தானே பார்க்கிறாள்.'

அம்மா சீக்கிரமே எழுந்து படுக்கப் போய்விடுவது மட்டும் புரியவில்லை. நல்ல படங்களாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

"எப்படிம்மா இருக்குது?" என்று காலையில் எதிரே உட்கார்ந்து தோசை தின்றபடி கேட்டான்.

"நல்லாருக்குது கண்ணு" என்றாள்.

வாரம் முடிந்து பர்வீன் வந்தாள். அன்று அவர்கள் சரி என்றால் திரை அங்கேயே இருக்கும், வேண்டாமென்றால் கழற்றிக்கொண்டு போவாள். அப்பா சரி என்று தலையாட்டத் தயாராக இருந்தார். நிதர்சன் அவருக்கு முன்பே ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா எல்லாப் படமும் ஒழுங்கா வந்துச்சான்னு பாத்துடறேன்" என்று பர்வீன் தன் கைக்கருவியில் எதையோ அழுத்தினாள். "கடைக்காரங்களுக்கு மட்டும் இருக்கற வசதிங்ணா. இப்பத் திரைய நாலாப் பிரிச்சு, நேத்து யார் கண்ணுக்கு என்ன போச்சுன்னு காட்டும்."

"அய்யோ, வேண்டாம்" என்றாள் இதழினி. யாரும் கேட்கவில்லை.

திரை நான்கு கட்டமானது. ஒன்றில் கிரிக்கெட். ஒன்றில் வாலிபால். ஒன்றில் இதழினிக்காக ஒரு இளைஞன் மழையில் நனைந்துகொண்டிருந்தான். நான்காவது கட்டம் கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் சின்ன எழுத்தில் 'பார்வையாளருக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு வரி.

"இது யாருது?" என்றான் நிதர்சன்.

"அக்காவுது." பர்வீன் முந்தின நாளுக்குப் போனாள். கறுப்பு. அதற்கும் முந்தின நாள். எப்போதாவது படம் ஒரு நொடி கண்ணைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. மறுபடி கறுப்பு. மாட்டிய நாள் வரைக்கும் அப்படியே இருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்றார் அப்பா.

"இல்லைங்ணா. கண்ணு திரையப் பாத்தாத்தான் படம் வரும். அக்கா திரையவே பாக்கல." பர்வீன் ஒரு வட்டத்தைக் காட்டினாள். "கண்ணு போன பக்கம் இது. வலது கைப்பக்கம், சோபால. உங்க உசரத்துக்கு. நீங்க உக்காந்திருக்கற எடங்ணா."

ஒரு வாரமாக அம்மா இருட்டில் உட்கார்ந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்திலேயே மூன்று பேர் இருந்தும் தெரியவில்லை. அடுத்தவர் படம் அடுத்தவருக்குத் தெரியாது. அதுதானே ஏகாந்தம்.

"ஆனா அம்மா சிரிச்சாங்களே" என்றான் நிதர்சன். சோபாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். "அம்மா, ஏம்மா சொல்லல?"

அம்மா திரும்பவில்லை. நான்காவது கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. விமானப் பயன்முறை என்ற வார்த்தை அவன் வாய்க்குள் வந்து நின்றது.

"முன்னாடி வந்து பேசுடா" என்றார் அப்பா.

நிதர்சன் சோபாவைச் சுற்றிக்கொண்டு போனான். சின்ன தூரந்தான். போகப் போக அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சமையலறை வாசலில் நின்று கத்தியது. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் எதற்கும் பதில் சொல்லாதது. போனில் பேசச் சொன்னால், "வீடியோ போடு கண்ணு, மூஞ்சியப் பாக்கணும்" என்பது. பாசம் என்று நினைத்திருந்தான். பாசமும்தான்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, "காது கேக்காதாம்மா?" என்றான்.

"கேக்கும். மேகம் உருட்டுனா கேக்கும்" என்றாள் அம்மா. "எத்தன வருசம் தறி ஓட்டிருக்கறேன். தறில நின்னவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான். இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது."

தறி என்று அவள் சொன்னது வீட்டுக்குப் பின்னால் இருந்த விசைத்தறிக் கூடத்தை. இப்போது அங்கே தறிகள் ஆளில்லாமல் ஓடுகின்றன, அப்பா போனில் பார்த்துக்கொள்கிறார். முன்பு இருவரும் அதே கூடத்தில் எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள்.

அப்பா பர்வீனைப் பார்த்துச் சொன்னார். மகனைப் பார்த்துச் சொல்ல வரவில்லை போலிருக்கிறது. "தறி ஓடறப்ப எவனும் கத்திப் பேச மாட்டான் அம்மிணி. கத்துனாலும் கேக்காது. வாயசைச்சாப் போதும், எதுத்தாப்பல இருக்கறவன் படிச்சுக்குவான். நான் இவளப் பொண்ணு கேட்டதே அப்படித்தான். சுத்தி அத்தன பேர் நின்னாங்க. ஒருத்தனுக்கும் கேக்கல."

"எல்லாத்துக்கும் தெரிஞ்சுது. அவங்களும் வாய்ப் படிக்கறவங்கதான" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு இந்தத் தகவல் புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

"காதுக்கு மிஷின் இருக்குதுங்களேக்கா. இப்ப அரிசி அளவுல வந்திருச்சு" என்றாள் பர்வீன், நேரே அம்மாவின் முகத்தைப் பார்த்து.

"வாங்கிக் குடுத்தாரு. போட்டுப் பாத்தேன். மிக்ஸி கேக்குது, நாய் கேக்குது, பக்கத்து வீட்டுக்காரி சண்ட போடறது அத்தனையும் கேக்குது. இவரு பேசறது மட்டும் தகரத்துல தட்டுன மாதிரி கேக்குது. கழட்டி வெச்சுட்டேன்."

"அப்பறம் எப்படிம்மா சிரிச்சீங்க?" என்றான் நிதர்சன்.

"உங்கப்பன் சிரிச்சா சோபா குலுங்கும். குலுங்குனா நானும் சிரிச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "ஒரு நாளு அவருக்கு இருமல் வந்திருச்சு. அதுக்கும் சிரிச்சுட்டேன்."

இதழினி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ சிரிக்கறயேன்னுதான் நானும் பந்து பாத்துட்டு இருந்துட்டேன்" என்றார் அப்பா. "மொத நாளு சொல்லிப் பாத்தேன் கோகிலா. நீ 'ம்'முன்னுகூடச் சொல்லல. உனக்கே எல்லாம் புரிஞ்சிருச்சு, இனி நான் வேண்டாம்னு நெனச்சுட்டேன்."

"இருட்டுல உங்க வாயி எங்க தெரிஞ்சுது?"

பர்வீன் தொழில்காரி. பிரச்சினை என்று ஒன்றைக் கண்டதும் தீர்வுகளை அடுக்கினாள். வசனத்தை எழுத்தாகக் கீழே ஓடவிடலாம் என்றாள்.

"எழுத்துக்கு மூஞ்சி ஏது? இவரு வில்லன் பேசுனா மூக்க விடைப்பாரு. எழுத்து விடைக்குமா?"

அப்பாவுக்கு முன்னால் ஒரு கேமரா வைத்து, அவர் முகத்தை அம்மாவின் திரையில் ஒரு மூலையில் பெரிதாகக் காட்டலாம் என்றாள்.

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு சாமி."

"சரிங்க்கா. அப்ப டியூப்லைட்டப் போட்டுக்கிட்டு, படம் கொஞ்சம் வெளுத்தாலும்..."

"டியூப்லைட்ல மூஞ்சி தெரியும். ஆனா அது மூஞ்சியா மட்டுந்தான் இருக்கும்." அம்மாவுக்கு இதைச் சொல்ல வார்த்தை தேடவேண்டியிருந்தது. "பழைய டிவில, அழுவற காட்சி வந்தா இவரு மூஞ்சி நீலமா ஆகும். தீப்பிடிச்சா செவப்பா ஆகும். பாட்டு வந்தா கலர் கலரா ஓடும், அதுக்கு நடுவுல இந்த வாயி கதை சொல்லும். நான் அதத்தான் பாப்பேன். நல்லாருக்கும்."

நிதர்சன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நரைத்த மீசை, முகவாயில் ஒரு வெட்டுக் காயம். கல்லூரியில் கையை விரித்து மூடிச் செய்துகாட்டிய அதே வாய். இவ்வளவு நாள் அம்மா டிவி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்த திரை இதுதான். படம் இங்கேதான் வந்து விழுந்துகொண்டிருந்தது.

அதைத்தான் அவன் வீண் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"ஏங்க" என்றான் பர்வீனிடம், மெதுவாக. "வெளிச்சம் நெறையச் சிந்தற மாதிரி டிவி ஏதாச்சும் இருக்குதா?"

"தம்பி, வீண் வெளிச்சம்னு நீங்கதான கட்டுரை எழுதினீங்க?"

"ரெண்டாம் பரிசுதாங்க கெடச்சுது" என்றான் நிதர்சன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போனார்கள். பெரிய திரைகளுக்காகவே ஒரு இருட்டு அறை இருந்தது. ஒவ்வொரு திரையிலும் மயில் தோகை விரித்தது, நீர்வீழ்ச்சி கொட்டியது. வந்திருந்த கூட்டம் வாயைப் பிளந்து திரைகளைப் பார்த்தது. ஒரே ஒரு குடும்பம் மட்டும் திரைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு நடுத்தர வயது மனிதரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தது.

"சார், டிவி அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்று ஒரு விற்பனையாளர் வந்து சொன்னார்.

"தெரியுங்க. நாங்க அப்பாவைப் பாக்க வந்திருக்கோம்" என்றான் நிதர்சன்.

தாள் டிவியின் முன்னால் அப்பாவை நிறுத்தினார்கள். இருட்டுக் காட்சியில் அது அடியோடு கறுத்துவிடும், அதுதான் அதன் சிறப்பு என்றார் விற்பனையாளர். அப்பாவும் அடியோடு மறைந்தார். அடுத்ததாக இருந்த திரையில் கண் கூசும் வெளிச்சம்.

"இதுல உங்க மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி இருக்குதுங்" என்றாள் அம்மா.

"வீட்லயும் அப்படித்தான இருக்குது" என்றார் அப்பா. சொன்னது வாயசைவில்தான். ஆனாலும் அம்மா சிரித்தாள். முதன்முறையாக அது நிதர்சனுக்கும் புரிந்தது. அந்த வாயைப் படிக்க முடியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அறையின் மூலையில், யாரும் சீந்தாத இடத்தில், வெள்ளைத் திரையின்மேல் லேசர் அடிக்கும் பழைய வகை ப்ரொஜெக்டர் ஒன்று இருந்தது. வெளிச்சம் திரையில் பட்டு, பஞ்சு மாதிரி மெத்தென்று அறைக்குள் திரும்பி வந்தது. மயில் தோகை விரித்தபோது அப்பாவின் கன்னத்தில் பச்சை வழிந்தது. நீர்வீழ்ச்சி கொட்டியபோது நெற்றி வெளுத்தது. மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"எதாச்சும் பேசுங்க" என்றாள் அம்மா.

அப்பா என்னவோ பேசினார். நீளமாகப் பேசினார். சத்தம் வரவில்லை. அம்மா கேட்டு முடித்துவிட்டு, "போதும், கடையில நிக்கறோம்" என்றாள். முகம் லேசாகச் சிவந்திருந்தது. திரையில் அப்போது நீர்வீழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று இதழினி கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"இதையே எடுத்துக்கறோம்" என்றான் நிதர்சன்.

பர்வீன் தலையை ஆட்டினாள். "இதுல வெளிச்சம் ரொம்பச் சிந்துதுன்னு கம்பெனியே தயாரிப்ப நிறுத்தப் போறாங்க தம்பி. இருங்க, எழுதிப் போடறேன். சிந்தறதுக்கும் ஆளு இருக்குதுன்னு."

வெள்ளைத் திரை வீட்டுக்கு வந்தது. ரிமோட் சண்டையும் கூடவே வந்தது. முதல் நாளே இதழினியின் மழை இளைஞனை நான்கு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. அப்பா அவனைப் பற்றிச் சொன்ன கதையில் அவன் நனைவதற்குக் காரணம் குடையை ஆட்டோவில் மறந்துவைத்ததுதான். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். வீட்டில் மனித இனம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நிதர்சன் அதைப் பற்றிக் கருத்து எதுவும் வெளியிடவில்லை.

"அப்பா சொல்றது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டான். எதிரே வந்து நின்றுதான் கேட்டான்.

"தெரியாம என்ன. பொய் சொன்னா எடது கண்ணு சின்னதாயிரும் அவருக்கு." அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "யாரையும் சாக விட மாட்டாரு. இருக்கட்டும். என்ன கொறஞ்சு போச்சு?"

பிறகு ஒரு வாரக் கடைசியில் அப்பா கல்யாணத்துக்காகத் தாராபுரம் போனார். சாப்பாடு முடிந்து இதழினி ஒரு படம் போட்டாள். அம்மா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு பழக்க தோஷத்தில் வலதுபக்கம் திரும்பினாள். சோபாவின் அந்த மூலை காலியாக இருந்தது. அதன் மேலுறையில் நீலமும் மஞ்சளுமாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

நிதர்சன் தன் நாற்காலியிலிருந்து எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி உள்ளே போய், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து, அந்த மூலையில் உட்கார்ந்தான். அம்மாவின் பக்கமாக முக்கால்வாசி திரும்பிக்கொண்டான்.

கதாநாயகன் பேசினான். நிதர்சனும் பேசினான்.

"இவ்வளவு கோணாத கண்ணு. பல்லு வெளக்கற மாதிரி இருக்குது" என்றாள் அம்மா.

வாயைக் கொஞ்சம் அடக்கினான். மெதுவாகச் சொன்னான். வில்லன் வந்தபோது மூக்கை விடைத்துப் பார்த்தான், சரியாக விடைக்கவில்லை. அம்மா அதற்கும் தலையாட்டினாள். போகப் போகத் திரையை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு மீதியை அவளைப் பார்த்துச் சொல்வது கைவந்தது. தன் முகத்தில் என்ன நிறம் ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவளுடைய கண்ணுக்குள் அது சின்னதாக ஓடுவது தெரிந்தது.

படத்தின் முடிவில் கதாநாயகி ஆற்றங்கரையில், கதாநாயகனின் மடியில் செத்துப்போனாள். ஹால் முழுவதும் நீலமானது.

அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்தான்" என்றான் நிதர்சன். "டாக்டரு ஊசி போட்டிருக்காரு. காலைல எந்திரிச்சுருவா."

"டேய், அவ செத்துட்டா" என்றாள் இதழினி.

"உனக்குச் செத்துட்டா. சும்மா இரு."

அம்மாவின் பார்வை வாயிலிருந்து மேலே ஏறி அவனுடைய இடது கண்ணில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"நல்ல வேளை" என்றாள்.